காட்டமும் கனமும்

எங்கள் வட்டத்தில் ஒரு கவிதைத் தொகுப்பு எப்படி என்று கேட்டால் வருகிற பதில் பெரும்பாலும் ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது. 'காட்டம் போதாது' என்பார்கள். அல்லது, 'நல்ல காட்டம்' என்பார்கள். விமர்சனத்துக்கும் இதே அளவுகோல்தான். பெயர் சொல்லித் திட்டியிருந்தால் அது காட்டமான விமர்சனம். அந்த ஒரு காரணத்தாலேயே நேர்மையான விமர்சனம். நானும் பத்து வருஷமாக இந்தச் சொல்லைக் கூசாமல் பிரயோகித்து வந்திருக்கிறேன். அது மிளகாய்க்கும் புகையிலைக்கும் உரிய சொல் என்பது இந்த ஆடித் தபசன்று மாலை, கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு வீட்டுப் புறவாசலில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது.

விஷயம் ஒரு சுருட்டு. கப்பலில் எஞ்சினியராக இருக்கும் தூத்துக்குடி நண்பர் ஒருவர் கொண்டுவந்து தந்தது. அவருக்கு என்னைத் தெரியும். அதனால் சுருட்டின்மேல் இருந்த பெயர்ப் பட்டையைக் கழற்றித் தனியாக ஒரு கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்தார். 'முதலில் குடி, பிறகு பிரி' என்றார். 'மதுரோ வகை, மீடியம் பாடி' என்பது மட்டும்தான் அவர் சொன்ன தகவல்.

மதுரோ என்றால் ஸ்பானிஷில் கனிந்தது. நம் காதில் அது மதுரம் என்று விழுகிறது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை, ஆனால் விழுவதைத் தடுக்கவும் முடியவில்லை. சுருட்டின் வெளியே சுற்றும் இலையை வைத்து வரும் பெயர் அது. செடியில் மேற்பகுதியில் வெயில் தின்று தடித்த இலைகளைப் பெரும் பெரும் அடுக்குகளாகப் போட்டுப் புழுங்க வைக்கிறார்கள். ஈரம் போகாத வைக்கோலைப் படப்பு போட்டால் உள்ளே கை வைக்க முடியாதபடி சூடேறுமே, அதே சூடுதான். வெளியிலிருந்து நெருப்பு எதுவும் கிடையாது. இலை தன் சூட்டிலேயே வேகிறது. சூடு அளவு மீறும்போது அடுக்கைக் கலைத்து, உள்ளே இருந்ததை வெளியே வைத்துத் திரும்ப அடுக்குவார்கள். அம்மோனியா நெடி பிரிந்து வெளியேறும். மற்ற இலைகளைவிட மதுரோ இலைக்குச் சூடும் அதிகம், காலமும் அதிகம். கடைசியில் அது கருப்பட்டியின் நிறத்துக்கு வருகிறது. திண்டுக்கல் பக்கத்து வியாபாரிகளும் இலையை அடுக்கிப் புழுங்க வைத்துத்தான் பாடம் செய்கிறார்கள். மெல்லுகிற புகையிலைக்குக் கருப்பட்டித் தண்ணீர் தெளிப்பதும் உண்டு. கியூபாக்காரனும் திண்டுக்கல்காரனும் ஒருவரையொருவர் பார்க்காமலே கிட்டத்தட்ட ஒரே காரியத்தைச் செய்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

'மீடியம் பாடி' என்பதில்தான் எனக்குச் சிக்கல். சுருட்டுக்காரர்கள் ஸ்ட்ரெங்த் என்பதையும் பாடி என்பதையும் வேறுவேறாக வைத்திருக்கிறார்கள். முதலாவது, நிகோடின் தலையில் ஏறி அடிக்கும் அடி. இரண்டாவது, புகை வாய்க்குள் வந்து உட்காரும்போது அதற்கு இருக்கிற எடை. தண்ணீருக்கும் பாலுக்கும் உள்ள வித்தியாசத்தை ருசிக்கு முன்பாகவே நாக்கு தெரிந்துகொள்கிறதே, அது. ஒன்று அதிகமாக இருந்து மற்றது குறைவாக இருக்கலாம். நம் ஊரில் சுருட்டுக் குடிக்கிறவர்களிடம் காட்டம் என்ற சொல் இருக்கிறது; அதற்கு எதிராக லேசு என்ற சொல் இருக்கிறது. இரண்டும் ஒரே கோட்டின் இரண்டு முனைகள். மற்ற கோட்டுக்குச் சொல் இல்லை. நம் விமர்சனத்திலும் இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்ப்ரிட்ஜில் ஆசிரியர் பெயரை மறைத்துக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து அபிப்ராயம் எழுதி வாங்கினார். 'ப்ராக்டிகல் கிரிட்டிசிஸம்' 1929-ல் வந்தது. பதின்மூன்று கவிதைகள். நன்றாகப் படித்த பிள்ளைகள் பெரிய கவிகளைத் தூக்கி எறிந்து சில்லறைகளைக் கும்பிட்டார்கள். பி.ஏ.யில் இதைப் பரீட்சைக்காக நெட்டுருப் போட்டதோடு சரி, என்மேல் நான் செய்து பார்த்ததில்லை. பட்டையில்லாத சுருட்டு கைக்கு வந்தபோது அந்த ஆசை வந்தது. திருச்சி போன ஒருவரிடம் சொல்லி உறையூர்ச் சுருட்டு ஒன்று வாங்கினேன். மூன்றாவதாக எங்கள் பக்கத்தில் சுடலைமாடனுக்குக் கொடையில் படைக்கிற சுருட்டு, பூஜைச் சாமான் கடையில் கிடைப்பது. தபசுக் காட்சி பார்க்க வீட்டில் எல்லோரும் தெற்கு ரதவீதிக்குப் போய்விட்டார்கள். எனக்குத் துணை, தறி ஓட்டி ஓய்ந்து எங்கள் தெருவில் இருக்கும் பெரியவர் ஒருவர். ஐம்பது வருஷம் சுருட்டுக் குடித்தவர். 'கூட்டத்துல நம்மால நிக்க முடியாது தம்பி' என்று வந்து உட்கார்ந்தார். எது எப்போது வரும் என்பதை அவர் தீர்மானிப்பார். நான் கண்ணைக் கட்டிக்கொண்டு குடிப்பேன். சொல்வதைப் போன் பதிவு செய்யும். ஒவ்வொன்றிலும் ஒரு பங்கு நான், ஒரு பங்கு அவர். புகையை நெஞ்சுக்கு இறக்குவதில்லை, வாயோடு சரி என்று எனக்கு நானே ஒரு விதி.

கண்ணைக் கட்டினால் முதலில் நடப்பது, சுருட்டு எரிகிறதா அணைந்துவிட்டதா என்பதே தெரியாமல் போவது. நாம் புகையைக் கண்ணால் எவ்வளவு குடிக்கிறோம் என்பது அப்போதுதான் தெரிகிறது. அச்சும் அட்டையும் இல்லாமல் ஒரு கவிதையைச் சொல்லக் கேட்டால் இப்படித்தான் தடுமாறுவோமோ என்னவோ.

இரண்டாவதாக வந்த சுருட்டைப் பற்றி நான் சரளமாகப் பேசியிருக்கிறேன். கோகோ, எஸ்பிரெஸோ, செடார் மரம் என்று பதிவில் கேட்கிறது. குரலில் ஒரு நிச்சயம். கட்டை அவிழ்த்ததும் பார்த்தால் அது உறையூர்ச் சுருட்டு. வெளிநாட்டுச் சுருட்டு என்று நம்பிய மாத்திரத்தில், வெளிநாட்டுச் சுருட்டைப் பற்றிப் படித்த சொற்களெல்லாம் வரிசையில் வந்து நின்றுவிட்டன. எஸ்பிரெஸோவை நான் இரண்டு தடவை குடித்திருக்கிறேன், இரண்டு தடவையும் பிடிக்கவில்லை. செடார் மரத்தை லீபனோனின் கேதுருவாகத் தமிழ் பைபிளில் சந்தித்ததைத் தவிர எனக்குப் பரிச்சயமில்லை. யோசித்துப் பார்த்தால், அந்த வாசனை எனக்குத் தெரிந்ததுதான். மூன்றாம் வகுப்பில் பென்சில் சீவிய வாசனை. பென்சில் செய்ததே அந்த ஜாதி மரத்தில்தான். என்னிடம் இருந்த சொல்லை விட்டுவிட்டு இல்லாத சொல்லைச் சொல்லியிருக்கிறேன். கவிதை விமர்சனத்தில் 'படிமச் செறிவு', 'இருத்தலியல் நெருக்கடி' என்று எழுதிய பக்கங்களை அன்றிரவு எடுத்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

முதலில் வந்ததுதான் மதுரோ. அதற்குப் பதிவில் என் பேச்சு மிகவும் குறைவு. 'கருப்பட்டி' என்கிறேன். கொஞ்ச நேரம் கழித்து, 'பாகு அடிப்பிடிக்கப் போகிற நேரம்' என்கிறேன். பிறகு 'மிளகு, மூக்கில்'. பாதி தாண்டியதும், 'மழை தொட்ட கரிசல்'. அவ்வளவுதான். பெரியவர் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுச் சொன்னது என்னுடையதைவிட நல்ல விமர்சனம்: 'காட்டமே இல்ல தம்பி. ஆனா வாய் நெறைய இருக்கு.'

வாய் நிறைய. பாடி என்பதற்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குக் கிடைக்கவில்லை. அவர் சொன்னதில் அந்த 'ஆனா' முக்கியம். ஐம்பது வருஷமும் காட்டத்தையே கேட்டுப் பழகிய நாக்கு, அது இல்லாத இடத்தில் வேறொன்று இருப்பதைக் கண்டு கொஞ்சம் திகைத்து, அந்தத் திகைப்பை மறைக்காமல் சொல்லிவிட்டது.

ஒரு மதிப்பீடு செய்தாக வேண்டும் என்றால்: நல்ல சுருட்டு, குறையுள்ள சுருட்டு. ஐந்து அங்குலம், பருமன் ஐம்பது, அதாவது அங்குலத்தை அறுபத்து நான்காகப் பகுத்ததில் ஐம்பது பங்கு. சாம்பல் வெளிறி ஓர் அங்குலம் வரை உதிராமல் நின்றது. மூன்றில் இரண்டு பாகம்வரை கசப்பு வரவில்லை. ஆனால் முதல் பாகத்துக்கும் இரண்டாம் பாகத்துக்கும் நடுவில் ஒரு திருப்பத்தை நாக்கு எதிர்பார்த்தது; அது தாமதித்து, அரைகுறையாகத்தான் வந்தது. வெளியிலையின் இனிப்பு உள்ளே இருக்கும் இலைகளை அதிகம் பேசவிடவில்லை. இது மதுரோ வகைக்கே உரிய அபாயமாக இருக்கலாம். உறையூர்ச் சுருட்டு மூன்று தடவை அணைந்தது. உப்புத் தண்ணீர்க் கிணற்றில் விளைந்த புகையிலை மெல்லுவதற்கு உசத்தி; ஆனால் இலையில் குளோரின் ஏறினால் எரியாது. 1948-லிருந்து வேடசந்தூரில் சுருட்டுப் புகையிலைக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருந்துவந்திருக்கிறது. அங்கே கேட்டால் இதற்குச் சரியான காரணம் சொல்வார்கள். ஆனாலும் அணைவதற்கு இடைப்பட்ட நேரங்களில் அந்தச் சுருட்டில் ஒரு மாற்றம் இருந்தது. வறுத்த கொத்தமல்லி போல ஒன்று வந்துபோனது. மதுரோவில் அப்படி வந்துபோனது எதுவும் இல்லை.

திருச்சிச் சுருட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் சர்ச்சில் அதைப் புகைத்தார் என்று தவறாமல் எழுதிவிடுகிறார்கள். அதுதான் அதன் பட்டை. சுருட்டு எப்படி இருக்கும் என்பதை யாரும் எழுதுவதில்லை. மௌனியைச் 'சிறுகதையின் திருமூலர்' என்று புதுமைப்பித்தன் சொன்னதைச் சொல்லிவிட்டு மௌனியைப் படிக்காமலே பேச முடிகிறதல்லவா, அது போலத்தான். திருச்சிச் சுருட்டைப் பட்டையில்லாமல் பார்த்த ஒரே ஆள் ஷெர்லக் ஹோம்ஸ். 1887-ல் வந்த 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்'டில் கொலை நடந்த அறையின் தரையில் கிடக்கும் சாம்பலைக் கிள்ளிப் பார்த்து, கறுத்து ஏடுஏடாக இருப்பதால் இது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்கிறார். 1890-ல் வந்த 'த ஸைன் ஆஃப் ஃபோர்'இல், பழகிய கண்ணுக்குச் சாம்பலுக்குச் சாம்பல் உள்ள வித்தியாசம் முட்டைக்கோசுக்கும் உருளைக்கிழங்குக்கும் உள்ள அளவு என்கிறார். அன்று என் தட்டிலும் உறையூர்ச் சாம்பல் மற்றதைவிடக் கறுத்துத்தான் கிடந்தது. டாயிலைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. ஆனால் ஹோம்ஸ் கடைசிவரை அந்தச் சுருட்டு நல்லதா என்று சொல்வதில்லை. அது அவருடைய வேலையுமில்லை. 1959-ல் 'எழுத்து' தொடங்கி செல்லப்பா வளர்த்த அலசல் விமர்சனத்தின் பலம், பலவீனம் இரண்டும் எனக்கு இந்தச் சாம்பலில் தெரிகின்றன. க.நா.சு. மறுகோடி. இது நல்ல சுருட்டு, இது இல்லை என்று பட்டியல் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவார். சாம்பலை அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. அவர் பட்டியல்கள் பெரும்பாலும் சரியாகவே இருந்தன என்பது வேறு விஷயம். அவரைப் பார்த்துப் பட்டியல் போட்டவர்களுக்கு அந்த நாக்கு இல்லை.

நமக்குப் புகையிலை இலக்கியம் இல்லாமலில்லை. சீனிச்சர்க்கரைப் புலவர் பழனி முருகனிடம் புகையிலையையே தூது விட்டிருக்கிறார், உ.வே.சா. பதிப்பித்தது. சிவனிடம் வில்வமும் திருமாலிடம் துளசியும் பிரமனிடம் புகையிலையும் ஒப்படைக்கப்பட, முதல் இரண்டும் போய்விட்டன, பிரமனிடம் இருந்தது மட்டும் போகாத இலை என்று ஒரு கதை அதில் வருகிறது. வேடிக்கையான கற்பனை. ஆனால் நூல் முழுக்கப் புகழ்ச்சிதான், ஒரு புகையிலைக்கும் இன்னொரு புகையிலைக்கும் வித்தியாசம் கிடையாது. வட்டக்கப்பல், ஊசிக்கப்பல் என்று இலைக்கு ஜாதி பிரித்துப் பெயர் வைத்தவன் விவசாயி. புலவருக்கு எல்லாம் புகையிலை.

நான் உட்கார்ந்திருந்த ஊரிலோ அன்றைக்கு அந்தச் சிவனும் திருமாலும் ஒரே உடம்பில் பாதிப் பாதியாக நின்றுகொண்டிருந்தார்கள். சிவன் பெரியவரா திருமால் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகராஜாக்கள் போட்ட சண்டைக்குக் கோமதியம்மன் தவமிருந்து வாங்கித் தந்த தீர்ப்பு அது. பக்திக்கு அந்தத் தீர்ப்பு போதும். விமர்சனத்தில் பாதிப் பாதி என்பது பெரும்பாலும் கோழைத்தனம். மதிப்புரைகளில் 'குறைகள் இருந்தாலும் வரவேற்கத்தக்க முயற்சி' என்று முடிவது. மீடியம் என்ற சொல்லையும் நான் இதுநாள்வரை அப்படித்தான் புரிந்துவைத்திருந்தேன்: காட்டத்துக்குத் துணிவில்லாத சுருட்டு என்று.

2016-ல் வண்ணதாசனுக்குச் சாகித்ய அகாதெமி பரிசு வந்தபோது ஒரு சிறுபத்திரிகையில் நான் எழுதியது அந்தப் புரிதலில்தான். மென்மை என்பது மனசின் சோம்பல் என்றெல்லாம் எழுதினேன். ஜி. நாகராஜனை எடுத்து அவர் தலையில் போட்டேன். நன்றாக எழுதியிருக்கிறாய், நல்ல காட்டம், என்று நாலு பேர் சொன்னார்கள். இப்போது அதில் எதைத் திரும்பப் பெறுவது என்று யோசித்தால், வண்ணதாசனைப் பற்றிச் சொன்னதைவிட நாகராஜனைப் பற்றிச் சொன்னதுதான் அதிக அநியாயமாகத் தெரிகிறது. 1974-ல் வந்த 'நாளை மற்றுமொரு நாளே'யை நான் காட்டத்துக்காக மட்டும் புகழ்ந்தேன். மதுரைச் சந்துகள், தரகு, குடி. அதெல்லாம் தலைக்கு ஏறுகிற பகுதி. அந்த நாவலில் ஒரு மனிதனின் ஒரு நாள் எந்த அவசரமுமில்லாமல் கழிகிற விதம், யாருக்காகவும் பரிதாபம் யாசிக்காத அந்த உரைநடையின் எடை, இவற்றைப் பற்றி ஒரு வரி நான் எழுதவில்லை. நாகராஜனைப் பின்பற்றுவதாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் காட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனதற்கு என்னைப் போன்றவர்களின் புகழ்ச்சியும் ஒரு காரணம்.

வண்ணதாசனின் 'நிலை'யைத் திரும்பப் படித்தேன். வீட்டுவேலைக்கு நிற்கிற ஒரு சிறுமிக்குத் தேர் பார்க்க ஆசை. ஊரே தேருக்குப் போகிறது, அவளுக்கு வேலை இருக்கிறது. கதை யாரையும் கூண்டில் ஏற்றுவதில்லை. வாக்கியங்களில் ஒன்றுகூட அடிக்கவில்லை. படித்து முடித்தபோது பெரியவர் சொன்னதுதான் எனக்கு வந்தது. அவருடைய எல்லாக் கதைகளுக்கும் இதைச் சொல்ல மாட்டேன். பல கதைகளில் வெளியிலையின் இனிப்பு உள்ளே இருப்பதை மூடிவிடுகிறது என்ற என் பழைய குற்றச்சாட்டு, சுருட்டுக்கு நான் சொன்ன அதே குறை, இன்னமும் நிற்கிறது. ஆனால் 'நிலை' போன்ற கதைகளை அந்தக் குற்றச்சாட்டில் சேர்த்துக் கட்டியது என் நாக்கின் குறை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புழுங்க வைக்கக் காலமும் பொறுமையும் இல்லாதவர்கள் இலையை ஆவியில் வேகவைத்தோ சாயம் ஏற்றியோ கறுப்பாக்கி மதுரோ என்று விற்பதுண்டு. கண்டுபிடிக்க எளிய வழி, விரலை ஈரமாக்கித் தேய்த்துப் பார்ப்பது, சாயம் ஒட்டும். இருள், சவம், குருதி என்று ஒவ்வொரு பக்கத்திலும் கறுத்துக் கிடக்கும் புதிய தொகுப்புகள் மூன்று என் மேஜையில் இருக்கின்றன. ஒன்றில் விரலில் ஒட்டவில்லை. மற்ற இரண்டைப் பற்றி அடுத்த இதழில் பெயரோடு எழுதுவேன்.

கவரை நான் பிறகு பிரித்தேன். பெயர் பெரிய பெயர்தான். அதை இங்கே எழுதினால் மேலே எழுதியதற்கு அர்த்தமில்லை.

மூன்றாவது சுருட்டைப் பற்றி இதுவரை சொல்லவில்லை. ரிச்சர்ட்ஸ் வாசகனின் பிழைகளை அடுக்கும்போது, சொந்த நினைவுகள் இடையில் புகுந்து கவிதையை மறைத்துவிடுவதை ஒரு பிழையாகச் சேர்க்கிறார். கவிதைக்குச் சம்பந்தமில்லாதது, களைய வேண்டியது. பதிவில் மூன்றாவது சுருட்டுக்குப் பெரியவர் குரல் முதலில் கேட்கிறது. 'இது சாமிக்கு உள்ளது. மனுசனுக்கு இல்ல' என்று சிரிக்கிறார். நான் சிரிக்கவில்லை. முதல் இழுப்பிலேயே அது என் பெரியப்பாவின் துண்டு. நாற்பது வருஷம் அந்த மலிவுச் சுருட்டைக் குடித்தவர், சின்ன வயதில் என்னைத் தோளில் வைத்து இதே தபசுக்குக் கூட்டிப் போனவர். கன்னத்தில் புற்று வந்து, கடைசி ஏழு மாதம் பேச்சில்லாமல், கஞ்சியைக் குழாயில் வாங்கிக்கொண்டு இறந்தார். வாசனை வந்தபோது தோளும் வந்தது, ஆஸ்பத்திரியும் வந்தது. அந்தச் சுருட்டு நல்லதா மட்டமா என்று என்னால் சொல்ல முடியவில்லை, இப்போதும் முடியாது. ரிச்சர்ட்ஸ் என் தாளை அடித்துவிடுவார். அடிக்கட்டும். அதைக் களைந்துவிட்டு மீதியில் எதைக் குடித்தேன் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

பதிவில் நாலு நிமிஷத்துக்கு என் குரல் இல்லை. தூரத்தில் ஒலிபெருக்கியில், பச்சைச் சட்டை போட்ட ஐந்து வயதுப் பையன் பந்தலில் இருக்கிறான், பெற்றோர் வந்து கூட்டிப்போகவும் என்ற அறிவிப்பு இரண்டு முறை வருகிறது. பிறகு பெரியவர் கேட்கிறார்.

'என்ன தம்பி, அணஞ்சு போச்சா?'

'இல்ல அண்ணாச்சி, எரியுது.'